பதினான்கு பித்தளைக் கால்கள்

கணினியில் சத்தம் சரியில்லை என்று ஒருவர் கடைப்படி ஏறினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவீர்கள். அதற்கும் சரிவராவிட்டால் புது சவுண்ட் கார்டைத் தூக்கி மாட்டுவீர்கள். குறை சொல்லவில்லை, பெரும்பாலான இடங்களில் அதுவே போதும். மீதி இடங்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனை எழுதச் சொன்னால் வீரப்பிரதாபம்தான் வரும் என்று உங்களில் யாரோ சிரித்ததாகவும் கேள்விப்பட்டேன். ஆகவே என் சாமர்த்தியங்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, நான் செய்த தவறுகளில் மிகப் பெரியதையே எடுத்துக்கொள்கிறேன். இனிச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

நான் வேலை பார்த்தது இலங்கை மலைநாட்டில், பதுளை நகரத்துக் கடை ஒன்றில். தொண்ணூறுகளில் அது ரேடியோவும் கேசட் செட்டும் திருத்தும் கடை. முதலாளியின் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்து பதுளையில் கடை போட்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, சோல்டரிங் கம்பியைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாதிருந்த என்னை அவர்தான் வேலைக்கு எடுத்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வீடுகளுக்குக் கணினி வரத் தொடங்கியது. கடையும் மாறியது, நானும் மாறினேன்.

அந்தக் காலத்து வீட்டை நீங்கள் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். முன் அறையில் பெரிய செட் ஒன்று இருக்கும், இடுப்பளவு உயர ஸ்பீக்கர்கள் இரண்டோடு. அதுதான் வீட்டுக்கு மரியாதை. பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கிய கணினி உள்ளறையில் இருக்கும். கணினியோடு வந்த குட்டி ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டால் பாடுகிறவருக்குச் சளி பிடித்தது போலிருக்கும். எனவே எல்லோருக்கும் ஒரே ஆசை. கணினியின் சத்தம் முன் அறைச் செட்டில் வர வேண்டும். நீளமாக ஒரு வயர் இழுத்து மாட்டிக் கொடுப்போம். பாட்டு வரும், கூடவே ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் வரும். பாட்டு நின்றாலும் அது நிற்காது. வயரை மாற்றிப் பார்த்தோம், கார்டை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவரும் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு வழி சொன்னார். கணினியின் பிளக்கில் மூன்று உருண்டைக் கால்கள் உண்டு அல்லவா, அவற்றில் மேலே தடியாக இருக்கிற எர்த் காலைக் கழற்றிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்றார். அந்தக் காலத்துப் பிளக்கைத் திறந்து திருகாணியைத் தளர்த்தினால் கால் கையோடு வந்துவிடும். செய்து பார்த்தேன். குழாயை மூடியது போல இரைச்சல் நின்றது.

அதன் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. இரைச்சல் என்று யார் வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். எல்லோரையும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடத்தில் காலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறப்பேன். இரைச்சல் டொக்டர் என்று பெயரே வந்துவிட்டது. என்ன செய்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்று ஒரு நினைப்பு. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான்: பக்கத்து மேசைக்காரனிடம் சொல்லக் கூச்சப்படும் வித்தை ஏதாவது உங்களிடம் இருந்தால், அதை ஒரு தடவை சந்தேகப்படுங்கள். நான் அதைச் சொல்லியிருந்தால் முதலாளி அன்றைக்கே என் காதைத் திருகியிருப்பார்.

கழற்றிய கால்கள் நல்ல பித்தளை. எறிய மனம் வரவில்லை. என் மேசையில் இருந்த பழைய பால்மா டப்பாவில் போட்டு வைத்தேன்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. சரஸ்வதி பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, மகேஸ்வரி கடைக்கு வந்தாள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற பெண். மூன்று வாரத்துக்கு முன் அவள் வீட்டு இரைச்சலையும் நான்தான் ‘குணப்படுத்தி’ இருந்தேன். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“சத்தத்துல ஒரு குறையும் இல்ல அண்ணே. ஆனா செட்டு வயரைக் கழட்டிட்டுப் பொட்டியத் தொட்டா விரல்ல சுரீர்ங்குது. எறும்பு கடிக்கிற மாதிரி” என்றாள்.

காலில் சிலிப்பர் போட்டுக்கொண்டு தொடச் சொன்னேன். இந்தப் பதில் எனக்கு வாய்ப்பாடமாக இருந்தது. அவள் போகவில்லை.

“சிலிப்பர் போட்டா ஒண்ணும் தெரியலதான். ஆனா திங்கக்கெழம பூசையில்லையா? அம்மா வீட்டக் கழுவி விட்டுருவாங்க. வெறுங்கால்ல நின்னு, ஈரத்துணியால பொட்டியத் தொடச்சி, சந்தனம் கரைச்சி வைப்பாங்க. அப்பவும் எறும்புக் கடிதானா அண்ணே, இல்ல பெருசா கடிக்குமா?”

அவள் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். ரேடியோ திருத்திப் பழகியவனுக்குத் தெரியாமல் போகுமா? எர்த் கால் எதற்கு இருக்கிறது? பெட்டிக்குள் ஏதாவது பழுதாகி, கரண்ட் தகரத்துக்கு வந்தால், அதை மண்ணுக்குள் இறக்கி, பியூஸை எரித்து, ஆளைக் காப்பாற்றத்தான். அந்தக் கால் இல்லாவிட்டால் செட்டிலிருந்து வருகிற மெல்லிய வயர்தான் அந்த வேலையைச் செய்யும். அதையும் கழற்றிவிட்டால் பெட்டிக்கு எந்தக் காவலும் இல்லை. சாதாரண நாளில் எறும்புக் கடியோடு போகும். உள்ளே ஒன்று பழுதாகி, வெளியே ஈரக்கையும் ஈரத்தரையும் வெறுங்காலும் சேர்ந்தால் ஆளையே எடுத்துவிடும். பூசையன்று எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கப்போகிறது. படிக்கிற பிள்ளையின் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கிறவர்கள் கணினிக்கு வைக்காமல் விடுவார்களா? துடைக்க வசதியாகப் பின்னால் உள்ள செட் வயரைக் கழற்றுவார்கள். ஆனால் திரையில் சரஸ்வதி படம் தெரிய வேண்டும் என்று கணினியைப் போட்டே வைத்திருப்பார்கள்.

கல்லாவில் இருந்த முதலாளி மகேஸ்வரி சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்து, எர்த் கொடுத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். நான் டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். பதினான்கு.

மகேஸ்வரியிடம், வீட்டுக்குப் போனதும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வை, நான் வரும்வரை யாரும் மாட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பிறகு முதலாளி ஒரு தாளை என் முன் வைத்து வீடுகளை எழுதச் சொன்னார். பதுளை நகரத்துக்குள் எட்டு, தெமோதரைப் பக்கம் இரண்டு, வெலிமடையில் இரண்டு, லுணுகலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையின் வீடு. பதின்மூன்று. பதினான்காவது ஞாபகத்துக்கு வரவே இல்லை. எத்தனை தடவை விரல்விட்டு எண்ணினாலும் பதின்மூன்றிலேயே நின்றது.

எனக்கு அப்போது ஓர் அருமையான யோசனை வந்தது. பயந்தவனுக்கு வருகிற யோசனை எல்லாம் அருமையாகத்தான் தோன்றும். பூசையன்று இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் முறை என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்புவோம், பிறகு ஆற அமர ஒவ்வொரு வீடாகப் போய்ச் சத்தமில்லாமல் காலை மாட்டிவிடலாம் என்றேன். சாமியின் பெயரைச் சொன்னால் சனம் கேட்கும், கடைக்கும் கெட்ட பெயர் வராது.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“முறைன்னு சொன்னா, எங்க வீட்ல அந்த முறை இல்லன்னு நாலு பேரு சொல்லுவாங்க முத்து. நம்ம தப்புன்னு சொல்லு. அதுக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேச மாட்டாங்க” என்றார்.

வெலிமடை வீடுகள் இரண்டும் உருளைக்கிழங்கு வியாபாரிகளுடையவை. இருவரிடமும் போன் இருந்தது. முதலாளியே பேசினார், பிள்ளைகளின் உயிர் விஷயம் என்றே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு அவரே வெலிமடைக்கும் போனார். நான் சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பதுளைத் தெருக்களில் இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் செய்தது பிழை, அதைத் திருத்த வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். முதல் வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

மூன்றாவதாகப் போனது யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரின் வீடு. அரசாங்கக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், பெரிய கிளாக்கர். எதையும் இரண்டு தடவை வாசித்த பிறகே கையெழுத்து வைக்கிற மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“அப்ப இவ்வளவு நாளும் என்ர மனுசியும் பிள்ளையளும் கரண்டிலதான் கை வைச்சுக்கொண்டு இருந்தவையோ?”

ஆமாங்க ஐயா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் ஒரு கதிரையை எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். காலை மாட்டினேன். உடனே அந்தப் பழைய ‘உம்ம்ம்’ திரும்பி வந்தது. முதல் இரண்டு வீட்டிலும் அதை அப்படியே விட்டுவிட்டு, பிறகு வருகிறேன் என்று ஓடி வந்திருந்தேன். இந்த மனிதரிடம் அது செல்லாது. உட்கார்ந்து யோசித்தேன். கணினிக்கு ஒரு சுவரில் கரண்ட், செட்டுக்கு வேறொரு சுவரில் கரண்ட். இரண்டு பக்கமும் எர்த். நடுவில் என்னுடைய நீள வயர். அந்த வளையத்தில்தான் இரைச்சல் சுற்றிக்கொண்டிருந்தது. செட்டின் பிளக்கையும் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுக் கொண்டுவந்து, கணினி மாட்டியிருந்த பிளக் பலகையிலேயே மாட்டினேன். இரைச்சல் அடங்கிவிட்டது.

அவ்வளவுதான் விஷயம். பத்து நிமிட வேலை. இரண்டு வருடமாக நான் கால்களைக் கழற்றிக்கொண்டு திரிந்தது இந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்து யோசிக்காததால்தான். அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஐயா டெஸ்டரை வாங்கிப் பெட்டியை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் குடித்து முடித்ததும், “நீராய் வந்து சொன்னீர். அது காணும்” என்றார். நானாக வந்து சொன்னதே போதும் என்கிறார். எனக்கு இப்போதும் அந்தத் தேநீரின் சூடு நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பகலுக்குள் நகரமும் தெமோதரையும் முடிந்தன. லுணுகலை மட்டும் பாக்கி. அந்தத் தோட்டத்து வீட்டில் போன் இல்லை, தோட்டத்து ஒபிசும் ஞாயிறு பூட்டு. பின்னேர பஸ்ஸில் நானே போகலாம் என்றால், லுணுகலைச் சந்தியிலிருந்து தோட்டத்துக்கு மேலே ஏற மழையில் வாகனம் கிடைக்காது. கடிதம் கொடுத்தனுப்பிவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் போவது என்று தீர்மானித்தேன். என் கையெழுத்து எனக்கே புரியாது. வீட்டுக்கு ஓடி, என் மனைவி சாந்தியை எழுதச் சொன்னேன். மேசைக்கு அடியில் கிடந்த ஒரு சோடி சிலிப்பரைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பிளக்கில் எர்த் காலைக் கழற்றியது என் தவறு, பெட்டியைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து, உடனே பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், நான் வரும்வரை மாட்டாதீர்கள். அவள் கடைசி வரியில் புள்ளி வைப்பதற்குள் தாளைப் பறித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். தெரிந்த கொண்டக்டர் ஒருவர் இருந்தார். கணக்கப்பிள்ளை வீட்டில் தன் கையாலேயே கொடுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

பூசையன்று காலை லுணுகலைக்குப் போய் இறங்கும்போது மழை. தோட்டத்துப் பாதையில் வழுக்கி விழுந்து எழும்பி நடந்தேன். கொண்டக்டர் மறந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் கால் தானாகவே வேகமாகப் போனது.

கணக்கப்பிள்ளையின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாசலிலேயே நின்றார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். தரை கழுவிப் பளபளவென்று ஈரமாக இருந்தது. குத்துவிளக்கும், சந்தனக் கிண்ணமும், துணியும் தயாராக இருந்தன. கணினியின் பிளக் பெட்டிக்கு மேலே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னேன், இம்முறை வித்தையை மறைப்பதற்காக அல்ல. ஈரத்தைத் துடைத்துப் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு, ஒரு சாதாரண பல்பின் இரண்டு வயரில் ஒன்றைப் பெட்டியின் தகரத்திலும் மற்றதைச் சுவர் எர்த்திலும் கொடுத்தேன். பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். எறும்புக் கடி கரண்ட் என்றால் பல்ப் எரியாது. அந்தப் பல்ப் வீட்டு விளக்கைப் போல முழுதாக எரிந்தது. அவர்கள் செட் வயர் ஒரு வாரமாகக் கழன்றே கிடந்தது. உள்ளே பவர் சப்ளை எந்த நாளில் பழுதானதோ, யாரும் தொடாததால் தெரியவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தனக் கிண்ணத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காவும் அந்தப் பல்பைப் பார்த்தார். படித்தவர் இல்லை, ஆனால் அவருக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

“பூசைக்கு மிசினை நிப்பாட்டி வையுன்னு யாராச்சும் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன் தம்பி. சாமி படம் காட்டணும்னு மூணு நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க தப்புப் பண்ணிட்டேன்னு எழுதியிருந்தீங்க. அப்படி யாரு எழுதுவா? அதான் பயந்து புடுங்கிப் போட்டேன்.”

நான் முதலில் சொல்லியனுப்ப நினைத்தது என்ன என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன். பவர் சப்ளையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதியது கொண்டுவருவதாகச் சொல்லிப் புறப்பட்டேன். ஒரு பை நிறையச் சுண்டல் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் டப்பா மடியில் இருந்தது. லுணுகலைக்குரிய எர்த் காலை அக்கா வீட்டுப் பிளக்கில் மாட்டிவிட்டேன். மிச்சம் ஒன்றே ஒன்று. பஸ் வளைவில் திரும்பும் போதெல்லாம் அது டப்பாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. எந்த வீடு? பசறையிலா, எல்ல ஊரிலா? இந்நேரம் அந்த வீட்டில் யாரோ ஒருத்தி ஈரக்கையோடு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. சுண்டல் பையை அவிழ்க்கவே இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது பின்னேரம் நாலு மணி. சாந்தி எங்கள் வீட்டுப் பூசையைத் தனியாகவே முடித்திருந்தாள். பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் பொட்டு, என் பழைய சோல்டரிங் கம்பிக்கும் பொட்டு. கணினிப் பெட்டியிலும் சந்தனம் காய்ந்திருந்தது. திரை மட்டும் இருண்டிருந்தது. நான் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லித் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த பிளக்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதில் இரண்டு கால்கள்தான் இருந்தன.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வித்தையைக் கேள்விப்பட்ட வாரம், கடைக்குத் திருத்த வந்த செட் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்து, எங்கள் கணினியில்தான் முதன்முதலாகச் சோதித்தேன். இரைச்சல் நின்றது. மறுநாள் செட்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். கால் என் சட்டைப்பையிலேயே போய்விட்டது. வாடிக்கையாளர்களை நினைத்து நினைத்துத் தேடியவனுக்குச் சொந்த வீடு கணக்கில் வரவில்லை.

ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கடுதாசிய எழுதி முடிக்கிறதுக்குள்ள புடுங்கிட்டு ஓடிட்டீங்க. ரெண்டு வருசமா விரல் சுரீர்ங்குதுன்னு சொல்றேன், சிலிப்பர் போடுன்னுதானே சொன்னீங்க” என்றாள். பிறகு, கோபமில்லாமல்தான், இதையும் சொன்னாள்: “எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்புனீங்க. நம்ம வீட்டுக்கும் சொன்னதா நானே எடுத்துக்கிட்டேங்க.”

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. மகேஸ்வரி சொன்னதும் பதறியவன், இவள் சொன்னதை ஒரு தடவைகூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாடிக்கையாளர் ஒன்றைச் சொன்னால் நீங்கள் என்ன கவனத்தோடு கேட்பீர்களோ, அதே கவனத்தோடு வீட்டில் சொல்வதையும் கேளுங்கள் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

கடைசிக் காலை எடுத்து மாட்டினேன். திருகாணியை இறுக்கி, பல்பை வைத்துப் பார்த்தேன், டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் வெளிச்சம் இல்லை. கணினியைப் போட்டு, திரையில் சரஸ்வதி படத்தைக் கொண்டுவந்தேன். சாந்தி குனிந்து, மேசைக்கு அடியில் இரண்டு வருடமாகக் கிடந்த அந்தச் சிலிப்பர் சோடியை எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.